வழிநூலும் வழுவும்: ‘எந்திரன்’, ‘2.0’ ஆகிய இரு திரைப்படங்கள் பற்றி

ஒரு நூல் மக்களிடையே பெரும்பெயர் பெற்றபின் அதனைத் தொடர்ந்து மற்றொரு நூல் எழுவது தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தை அடுத்து மணிமேகலை எழுந்தது. கம்பர் ஆறு காண்டங்களோடு நிறுத்திய இராமகதைக்கு உத்தர காண்டம் ஒன்று ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்குகிறது. நன்னூலார் வழிநூலுக்கு இலக்கணம் வகுத்தபோது, அது முதல்நூலின் முடிபோடு ஒத்துச் செல்லவேண்டும் என்றதோடு அமையாது, பின்வருவோன் தானே வேண்டிக் கொண்ட வேறுபாடும் அதன்கண் இருத்தல் வேண்டும் என்றார். இவ்விரண்டனுள் முன்னது குறையின் அது வேறு நூல்; பின்னது குறையின் அது வெறும் படி. மணிமேகலை வழிநூலாக நின்று வென்றமைக்குக் காரணம் இதுவே. கோவலன் மகளை அது எடுத்துக்கொண்டது. ஆயின் கோவலன் கதையைத் திரும்பக் கூறவில்லை. ஊழ் பற்றிச் சிலம்பு எழுப்பிய வினாவைப் பசிப்பிணியின்பாற் செலுத்திப் பாத்திரம் ஒன்றனைக் கதைத்தலைவியின் கையிற் கொடுத்தது.

இவ்வளவுகோல் கொண்டு திரைப்படத்தை அளத்தல் தகுமா என்று சிலர் ஐயுறலாம். தமிழ் மக்களுட் பெரும்பாலார் இன்று கதை கேட்கும் இடம் அதுவேயாதலின் தகும் என்பதே எம் விடை. வட சென்னையில் எம்.கே.பி. நகரில் யாம் வாழும் வீட்டின் மாடியில் முதுகலை மாணவர் சிலர் ஞாயிறுதோறும் கூடி அகநானூறு படிப்பதுண்டு. பரணர் பாடல் ஒன்றனைப் படித்த நாளில் அவர்கட்குள் எழுந்த வழக்கே இக்கட்டுரைக்கு வித்து. வழக்கின் பொருள், 2018-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் வெளிவந்த ‘2.0’ என்னும் படம். சங்கர் இயக்கத்தில் 2010-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் வெளிவந்த ‘எந்திரன்’ படத்தின் தொடர்ச்சி அது. பரணர் பாடலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பது பின்னர் விளங்கும்.

மேனாட்டார் நன்னாடு ஒன்றனைக் கற்பனை செய்து காட்டிய நூல்களுக்கு மறுதலையாக, மனிதன் தன் அறிவாலேயே தனக்கு ஆக்கிக்கொள்ளக் கூடிய தீய உலகைக் காட்டும் நூல்களையும் இயற்றினர். 1932-இல் ஆல்டசு அக்சிலியும் 1949-இல் சார்சு ஆர்வெல்லும் எழுதிய புதினங்கள் அவ்வகையின. அவற்றைக் கேட்டுலகப் புனைவு என ஈண்டு வழங்குவாம். தமிழில் இவ்வகைக்குப் பெருவழக்குத் தந்தவர் சுசாதா. 1980-களில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய ‘என் இனிய இயந்திரா’, பிள்ளை பெறுதற்கும் அரசின் இசைவு வேண்டும் நாடொன்றனைக் காட்டியது. அதன் தொடர்ச்சி ‘மீண்டும் ஜீனோ’. ‘எந்திரன்’ படத்தின் வேர் இவ்விரு புதினங்களிலும் உண்டு என்பது பலரும் அறிந்தது. 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் மறைந்த சுசாதாவின் உரையாடல் அப்படத்தில் இடம்பெற்றுள்ளது. அவரோடு மதன் கார்க்கியும் இயக்குநரும் உரையாடற் பணியிற் பங்கு கொண்டனர்.

‘எந்திரன்’ படத்தைக் காதற்கதை என்பர் சிலர்; சண்டைப்படம் என்பர் பலர். அதன் நடுவே கிடந்த வினா வேறு. அறிவியலாளர் வசீகரன் தன் உருவிலேயே ஆக்கிய சிட்டி என்னும் எந்திரம், தீப்பிடித்த அடுக்குமாடியிலிருந்து மக்களை மீட்கிறது. நீராடிக்கொண்டிருந்த பெண்ணொருத்தியையும் ஆடையின்றியே தூக்கி வந்து கூட்டத்தின் நடுவே நிறுத்துகிறது. நாணம் பொறாத அப்பெண் ஓடி வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைக் காத்த எந்திரம் நாணத்தை அறியவில்லை. உயிரினும் நாணம் பெரிதென்று கருதிய நாட்டில் அது பெருங்குறை. அக்குறை நீங்க வசீகரன் அதற்கு உணர்வு ஊட்டுகிறான். உணர்வு வந்தபின் அது காதல் கொள்கிறது, பொய்யுரைக்கிறது, இறுதியிற் கொலையும் செய்கிறது. உணர்வில்லாத ஆற்றலும் கேடு, உணர்வுள்ள ஆற்றலும் கேடு என்றால், அத்தகைய ஆற்றலை ஆக்கியவனுக்கு உரிய பொறுப்பு யாது? இதுவே அப்படத்தின் வினா.

அவ்வினாவுக்குப் படம் விடை கூறாமற் போகவில்லை. இறுதியில் வழக்கு மன்றத்திற்கு வருகிறது. எந்திரத்தைப் பிரித்துவிடுமாறு மன்றம் பணிக்கிறது. சிட்டி தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துத் தன்னோடு பழகினார் ஒவ்வொருவரிடமும் விடைபெறுகிறது. அக்காட்சியிற் கணிப்பொறி வித்தை பெரிதாக இல்லை. மேசையும் சில மாந்தரும் குரலுமே உள்ளன. பின்னர் 2030-ஆம் ஆண்டில் அருங்காட்சியகத்திற் கிடக்கும் அதன் தலையைப் பார்த்துப் பள்ளிச் சிறுமி ஒருத்தி காரணம் கேட்க, தான் சிந்திக்கத் தொடங்கியமையே காரணம் என்ற கருத்துப்பட அது மறுமொழி கூறுகிறது. வெகுமக்களுக்கென எடுத்த படமொன்று இத்துணை அடக்கத்தோடு முடிவது அரிது. முற்பகுதியின் பாடல்களும் பிற்பகுதியின் எந்திரப் படைகளும் மறந்துபோன பின்னரும் இம்முடிவு நினைவில் நிற்கிறது.

இனி வழிநூலுக்கு வருவாம். ‘2.0’ தொடங்கும் முறை மிக நன்று. முதியவர் ஒருவர் கைப்பேசிக் கோபுரத்தில் ஏறித் தூக்கிட்டுக் கொள்கிறார், பறவைகள் சூழ்கின்றன. பின்னர் நகரத்தார் கைகளிலிருந்து கைப்பேசிகள் தாமே கழன்று விண்ணிற் பறக்கின்றன. அவை ஒன்றுகூடிச் சாலையில் ஊர்கின்றன. மரங்களை மூடி ஒளிர்கின்றன. தம்மை விற்ற வணிகரைத் தாமே மூழ்கடிக்கின்றன. நாள்தோறும் கையில் வைத்திருக்கும் ஒரு பொருளையே அச்சத்திற்கு உரியதாக்கிய இப்பகுதி, தமிழ்த் திரைப்படம் கேட்டுலகப் புனைவில் எட்டிய உயரங்களுள் ஒன்று எனலாம். நீரவ் சாவின் ஒளிப்பதிவும் ரசூல் பூக்குட்டியின் ஒலியமைப்பும் இங்கே கதைக்குத் தொண்டு செய்கின்றன. ஐந்நூறு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவு எனச் செய்தித்தாள்கள் எழுதிய தொகையும் இப்பகுதியளவில் வீண்போகவில்லை.

கைப்பேசிகளை ஏவுவது, தூக்கிட்டுக்கொண்ட அம்முதியவரின் ஆவி. பெயர் பட்சிராசன், திருக்கழுக்குன்றத்திற் பறவைகளைப் புரந்து வாழ்ந்தவர், கோபுரங்களின் கதிர்வீச்சாற் பறவைகள் மடிகின்றன என்று அமைச்சரிடமும் தொழிலதிபரிடமும் பொதுமக்களிடமும் முறையிட்டு, எவரும் செவிசாயாமையால் உயிர்விட்டவர். கழுகுகள் வந்து உணவு கொள்ளும் குன்று எனப் பெயர் பெற்று, அவை வாராதொழிந்த ஊரைத் தேர்ந்தது நல்ல தேர்வு. அக்சய் குமார் முதுமைக் கோலத்தில் இப்பாத்திரத்தை அடக்கமாகவே நடித்துள்ளார். நா. முத்துக்குமார் 2016-இல் மறைவதற்கு முன் எழுதித் தந்த ‘புள்ளினங்காள்’ என்னும் பாடலும் இப்பகுதிக்கு உரியது. படத்தின் உயிர் இச்சில நிமிடங்களில் உள்ளது என்பதைப் படத்தைப் பழிப்போரும் மறுப்பதில்லை.

பரணர் பாடல் இங்கேதான் எம் மாணவர்க்கு நினைவுக்கு வந்தது. பாழிப் போர்க்களத்தில் மிஞிலியோடு பொருது வீழ்ந்தான் ஆய் எயினன். அவன் உடல்மீது வெயில் படாதவாறு பறவைகள் வானத்தில் திரண்டு சிறகால் நிழல் செய்தன என்று பரணர் அகநானூற்றிற் பாடுகின்றார். வாழ்நாளிற் பறவைகளை ஓம்பியவனுக்கு அப்பறவைகள் செய்த இறுதிக்கடன் அது. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும் புறாவுக்குத் தன் தசையை அரிந்து ஈந்த செம்பியனையும் நாம் மேடைதோறும் பேசுகிறோம். ஆய் எயினனை மறந்துவிட்டோம். பட்சிராசன் அவன் வழியில் வந்த பாத்திரம். கோபுரத்திற் தொங்கும் உடலைப் பறவைகள் சூழும் தொடக்கக் காட்சி, அறிந்தோ அறியாமலோ, பரணர் கண்ட காட்சிக்கு உறவுடையது.

ஆகவே பின்னோன் வேண்டிய வேறுபாடு ‘2.0’ படத்தில் உண்டு என்பதை முதலில் ஒப்புதல் வேண்டும். ஆக்கியோன் பொறுப்பு என்னும் முதற்படத்தின் வினா, பிற உயிர்களின் இருப்பை விலையாகக் கொடுத்து மனிதன் வாங்கும் வசதி முறையாகுமா என விரிகிறது. இவ்விரிவு தக்கதே, முதற்படத்தின் வினாவினும் பெரிது. பெரிய வினாவை எழுப்பியதனாலேயே படத்தின் தோல்வியும் பெரிதாயிற்று. எழுப்பிய வினாவை எதிர்கொள்ள அஞ்சி அது சண்டைக்குள் ஓடி ஒளிகிறது.

சிலப்பதிகாரத்தை நினைவுகூர்க. கண்ணகி அரசவையில் வழக்குரைக்கிறாள். சிலம்பு உடைகிறது, மாணிக்கப் பரல் தெறிக்கிறது, தன் தவற்றை உணர்ந்த பாண்டியன் உயிர் துறக்கிறான். மதுரை எரிவது அதன் பின்னர். எரியும்போதும் முதியோரையும் குழவியரையும் பத்தினிப் பெண்டிரையும் விலக்குமாறு அவள் தீக்கடவுளைப் பணிக்கிறாள். குற்றச்சாட்டு, அதற்கு விடை, அதன் பின் அழிவு, அவ்வழிவிற்கும் ஓர் எல்லை என்னும் இவ்வொழுங்கே அவள் சினத்தை அறச்சினமாக்கியது. இளங்கோவடிகள் பாண்டியனைப் பேசவிட்டார் என்பதை மாணவர் பலகாலும் மறந்துவிடுகின்றனர். அவன் பேசாது இறந்திருப்பானாயின் கண்ணகி கொலைகாரியாகவே முடிந்திருப்பாள்.

பட்சிராசனுக்கு நேர்ந்தது அதுவே. அவருடைய ஆவி முதலிற் கைப்பேசி வணிகரையும் அலைவரிசை நிறுவன உரிமையாளரையும் துறை அமைச்சரையும் கொல்கிறது. இம்மூவருள் எவரும் குற்றச்சாட்டைக் கேட்டு விடை கூறுவதில்லை. தம்மைத் தாக்குவது யாதென்றே அறியாமல் மாள்கின்றனர். பின்னர் அச்சினம் கைப்பேசி வைத்திருப்போர் அனைவர்மீதும் பாய்கிறது. கண்ணகி விலக்கியோரை இவர் விலக்கவில்லை. முறையீட்டாளர் இவ்வாறு அரக்கராக்கப்பட்டதும், அவருடைய முறையீட்டுக்கு விடை கூறும் கடமை நீங்கிவிட்டதெனப் படம் கருதிக்கொள்கிறது. ‘எந்திரன்’ படத்தில் இருந்த வழக்குமன்றம் ‘2.0’ படத்தின் முடிவில் இல்லை.

விடை கூறுதற்கு உரியவன் யார்? எம் கருத்தில் அவன் சிட்டியே. மனிதரால் ஆக்கப்பட்டவன், எனினும் மனிதன் அல்லன். மனிதருக்குத் தொண்டு செய்து, அம்மனிதராலேயே பிரித்தெறியப்பட்டவன். மனிதரல்லாத உயிர்களுக்காக வழக்குரைப்பவரும், மனிதனல்லாத அறிவாகிய எந்திரமும் எதிரெதிர் நின்று பேசியிருந்தால் உலகத் திரைப்படத்திலேயே புதுமையான ஓர் அவைக்களம் அமைந்திருக்கும். ‘எனக்கு நேர்ந்ததே இப்பறவைகளுக்கும் நேர்கிறது’ என்று உணரத்தக்கவன் அப்படம் முழுமையிலும் சிட்டி ஒருவனே. சிட்டு என்பது குருவியின் பெயர் என்பதும் நினைக்கத்தக்கது. பெயரொப்புமை தற்செயலாகவே இருக்கலாம். எனினும் நல்ல கவிஞன் அதனை விட்டிருக்கமாட்டான். உரையாடல் எழுதியோருள் ஒருவர் செயமோகன். அறம், ஊழ், வன்முறை ஆகியன பற்றிப் பெரும் புதினங்கள் இயற்றியவர். அத்தகைய எழுத்தாளர் உடனிருந்தும் இவ்விருவர்க்கிடையே பேச்சு நிகழவில்லை. சந்திக்கும் இடமெல்லாம் மோதுகின்றனர், உருப்பெருக்கி மோதுகின்றனர், விளையாட்டரங்கில் மோதுகின்றனர்.

அருங்காட்சியகத்திலிருந்து சிட்டி மீட்கப்படும் முறையும் எமக்கு உடன்பாடன்று. சிந்திக்கத் தொடங்கியமையால் துறக்கப்பட்ட ஒன்றனை மீண்டும் எழுப்புவது எளிய செயலா? முதற்படத்தின் முடிபையே மாற்றும் அச்செயலுக்குப் படம் தரும் இடம் அதிகாரிகள் கூடிய அறையிற் சில வாக்குவாதங்களே. எழுந்த சிட்டி தான் பிரிக்கப்பட்டதைப் பற்றியும், தான் விரும்பிய சனாவைப் பற்றியும், தன்னை ஆக்கியோன்மீது கொண்ட வெகுளியைப் பற்றியும் ஆழ்ந்து நினைப்பதில்லை. சனா இரண்டாம் படத்தில் தொலைபேசியில் ஒலிக்கும் குரலாகச் சுருங்கிவிட்டாள். முதற்படத்திற் பாத்திரமாயிருந்தவன் இரண்டாம் படத்திற் படைக்கலமாகிவிட்டான். போராவின் மகன் என ஒருவன் வந்து, அடைக்கப்பட்ட ஆவியைத் திறந்துவிட்டு மாய்கிறான். கதை நீளுவதற்கு ஒரு கை வேண்டியிருந்தது, அவ்வளவே.

நிலா என்னும் பெண்ணுருவ எந்திரம் பற்றியும் ஒரு சொல். சுசாதாவின் புதினத்தில் நிலா, காணாமற் போன கணவனைத் தேடிப் புறப்பட்டுக் கொடுங்கோலாட்சியின் உட்பொய்யைக் கண்டறியும் பெண். ‘2.0’ படத்து நிலா, ஏவியதைச் செய்யும் அழகிய துணைக்கருவி. கிளர்ச்சி செய்தவளின் பெயரை ஏவல் செய்பவளுக்கு இட்டிருக்கின்றனர். நன்றிக்கடனாக இட்ட பெயராயின், அந்நன்றி பெயரோடு நின்றுவிட்டது.

இவையனைத்தையும் பொறுத்துக்கொள்ளலாம். இறுதிப்போரைப் பொறுத்தல் இயலவில்லை. பட்சிராசனின் ஆவி வசீகரன் உடலிற் புகுந்துகொள்கிறது. சிட்டியால் வெல்ல முடியாத நிலை. அப்போது விரலளவான எந்திரங்கள், ‘3.0’ என்னும் பெயரின, புறாக்களின்மீது ஏறி வருகின்றன. பறவைகளைத் தாக்கப் பட்சிராசனுக்கு மனம் வரவில்லை. வசீகரன் உடலை விட்டு நீங்காவிடின் இப்புறாக்களைக் கொன்றுவிடுவோம் என்று அவை அச்சுறுத்துகின்றன. அவர் நீங்குகிறார், அழிக்கப்படுகிறார். திரையரங்கிற் கைதட்டல் எழுகிறது. எந்திரக் குறளர்களின் குறும்புப் பேச்சுக்குச் சிரிப்பும் எழுகிறது.

இக்காட்சி கூறுவது யாது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பறவைகளுக்காக வாழ்ந்து இறந்த ஒருவரைப் பறவைகளைப் பிணையாக வைத்து வீழ்த்துகின்றனர். தீயோன் எனப் பெயரிடப்பட்டவன் அறத்தின்பொருட்டு வெற்றியைக் கைவிடுகிறான். நல்லோர் எனப் பெயரிடப்பட்டவர் அவ்வறத்தையே படைக்கலமாகப் பற்றுகின்றனர். போரியல்பு கூறவந்த நம் பழம்புலவர் ஆவையும் நோயுற்றோரையும் பெண்டிரையும் களத்திலிருந்து விலகுமாறு முன்னரே அறிவித்த பின்னரே அம்பு விடும் மன்னனைப் போற்றினர். அவ்வறத்தின்படி நோக்கினால் இக்களத்தில் வென்றவர் பட்சிராசன். தோற்றவர் எஞ்சியோர் அனைவரும். ஒரு கதை தன் தலைவனை இவ்வாறு வீழவிடலாம். ‘எந்திரன்’ படத்திற் சிட்டியை வீழவிட்டதே அதன் சிறப்பு. ஆனால் தலைவன் வீழ்ந்தான் என்பதைக் கதை அறிந்திருத்தல் வேண்டும். ‘2.0’ அதனை அறியவில்லை. தன் காட்சியின் பொருள் தனக்கே தெரியாமற் போனமையே இப்படத்தின் அடிப்படை வழு என்பது எம் முடிபு. நன்னூலார் கூறிய பத்துக் குற்றங்களுட் சென்று தேய்ந்திறுதல் என்பதற்கு இதனினும் தக்க எடுத்துக்காட்டைத் தேட வேண்டுவதில்லை.

எங்கள் பகுதியில் இக்காட்சி வேறொரு காரணத்தாலும் பேசப்பட்டது. எம்.கே.பி. நகரிலும் வியாசர்பாடியிலும் இராயபுரத்திலும் மொட்டைமாடிகளிற் பந்தயப்புறா வளர்ப்போர் பலர் உளர். எம்மிடம் பயிலும் மாணவர் ஒருவரின் வீட்டிலும் புறாக்கூண்டு உண்டு. கூண்டுக்குத் திரும்பாத புறாவுக்காக இரவெல்லாம் மாடியில் விளக்கெரிய விட்டு நிற்பார் தம் தந்தை என்று அவர் கூறினார். படத்தின் சொல்நயம், பாத்திரப் படைப்பு என்று ஏனையோர் பேசிக்கொண்டிருக்க, அவர் கேட்ட வினா ஒன்றே: ‘ஐயா, அந்தப் புறாக்கள் பின்னர் என்னவாயின?’ யாம் படத்தை மீண்டும் நினைந்து பார்த்தோம். அப்புறாக்கள் கூடு சேர்ந்த காட்சி எதுவும் எம் நினைவில் இல்லை.

படத்தின் அறிவியல் அடிப்படை பற்றியும் கூறுதல் வேண்டும். வெளியீட்டுக்கு முன்னரே கைப்பேசி நிறுவனங்களின் கூட்டமைப்பு, படம் அறிவியலுக்கு மாறானது எனத் தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது. கோபுரக் கதிர்வீச்சே சிட்டுக்குருவிகளை அழித்தது என்பது நிறுவப்பட்ட உண்மை அன்று. 2020-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் வீட்டுக்குருவி குறைந்துள்ளதெனினும் நாடளவில் அதன் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாகவே உள்ளது எனக் கூறிற்று. கூடுகட்ட இடமின்மையும் குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சியின்மையும் நகர்க்குருவிகள் குறைந்தமைக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இந்திய அரசும் 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் கோபுரக் கதிர்வீச்சின் வரம்பை உலக வரம்பிற் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டது. புனைவுக்கு அறிவியல் உரிமை உண்டு. அதனை யாம் குறையாகக் கூறவில்லை. கண்ணுக்குப் புலனாகாக் கதிரைக் குற்றவாளியாக்கியதனாற் கதைக்கு நேர்ந்த கேட்டையே கூறுகின்றோம். கதிர் யாவரிடத்தும் உள்ளது. ஆகவே குற்றவாளி யாவரும் ஆயினர். யாவரும் ஆனமையால் ஒருவரும் இல்லையாயினர். விடை கூற எவரையும் நிறுத்த முடியாத இந்நிலைதான் படத்தைச் சண்டையை நோக்கித் தள்ளிற்று.

இதற்கு மறுதலையான செய்தி ஒன்று எங்கள் கரையில் நிகழ்ந்தது. ‘2.0’ படப்பிடிப்பு 2015-ஆம் ஆண்டின் இறுதியிலே தொடங்கிவிட்டது. படம் 2018-இல் வந்தது. இடையே 2017-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கு அப்பால் இரு கப்பல்கள் மோதின. கப்பலிலிருந்து கொட்டிய எண்ணெய் எண்ணூர், திருவொற்றியூர்க் கரைகளில் குழம்பாகத் திரண்டது. உறிஞ்சும் பொறிகள் அக்குழம்பின் முன் பெரிதும் பயன்படாமற் போயின. மீனவரும் மாணவரும் ஊழியரும் வாளிகளைக் கொண்டு கையாலேயே அதனை அள்ளினர். பொறியின் வல்லமையைப் பாடும் மாபெரும் படம் ஒன்று உருவாகிக்கொண்டிருந்த அதே நகரத்திற் பொறி தோற்று வாளி வென்ற காட்சி அது. 2023-ஆம் ஆண்டு திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் மீண்டும் எண்ணூர் முகத்துவாரத்திற் பரவியபோது, இறகு கறுத்த கூழைக்கடாக்களைக் கண்டோர் பலர். அங்கே குற்றம் கதிர்போல் மறைந்திருக்கவில்லை. கையில் ஒட்டியது, மணத்தது, எவ்வழி வந்தது என்று கேட்கவும் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் விடை கூறச் சிலரை நிறுத்தவும் முடிந்தது. பட்சிராசனைத் திருக்கழுக்குன்றத்திலிருந்து கொற்றலை ஆற்றின் கழிக்கரைக்குக் கொணர்ந்திருந்தால், கதை தன் பாண்டியனை எளிதிற் கண்டுகொண்டிருக்கும்.

எம்.கே.பி. நகர் என்பது மகாகவி பாரதி நகர் என்பதன் சுருக்கம். வீட்டில் சமைக்க வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்துவிட்டு மகிழ்ந்தார் என்று கதை சொல்லப்படும் கவிஞரின் பெயர் தாங்கிய இக்குடியிருப்புக்கு அண்மையிற் கொடுங்கையூர்க் குப்பைமேடு 340 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பிற் கிடக்கிறது. ‘எந்திரன்’ படத்தில் வசீகரன் சினத்தில் வெட்டி எறிந்த சிட்டியின் துண்டங்கள் இத்தகைய குப்பைமேடு ஒன்றிலேதான் கிடந்தன. போரா அங்குச் சென்றே அவற்றைப் பொறுக்கினான். அக்காட்சியை இப்பகுதிச் சிறுவர் வியப்பின்றிப் பார்த்தனர். பழைய கைப்பேசியையும் கம்பியையும் பிரித்து விற்று வாழ்வோர் இம்மேட்டைச் சுற்றி உளர். கைப்பேசிகள் பறந்து சென்றபின் எங்கே வீழும், அவற்றை யார் பொறுக்குவார் என்னும் வினா ‘2.0’ படத்திற்குத் தோன்றவேயில்லை. முதற்படம் குப்பைமேடு வரை வந்தது. இரண்டாம் படம் வானத்திலேயே நின்றுவிட்டது.

பெருந்திரளான மக்களுக்கு எடுக்கும் படத்தினிடம் இவையெல்லாம் எதிர்பார்த்தல் மிகையன்றோ என்பர். படம் பெரும்பொருள் ஈட்டியது, குழந்தைகள் மகிழ்ந்தனர், முப்பரிமாணக் காட்சியில் தமிழ்ப்படம் மேனாட்டார்க்கு நிகராக நின்றது என்று பலர் பெருமிதமும் கொண்டனர். இவை உண்மையே. ஆயினும் ‘எந்திரன்’ படமும் அதே இயக்குநரால், அதே நடிகரைக் கொண்டு, அதே திரளான மக்களுக்கே எடுக்கப்பட்டது. அதுவும் பெரும்பொருள் ஈட்டியது. அங்கு இயன்றது இங்கு இயலாமைக்கு மக்களைக் காரணங்காட்டுதல் நேர்மையன்று. சுசாதாவே தம் முதல் நூலுக்கு வழிநூல் இயற்றினார் என்பதையும் ஈண்டு நோக்குக. ‘என் இனிய இயந்திரா’ முடிவில் கொடுங்கோலன் என எண்ணப்பட்ட ஜீவா வெறும் ஒளியுரு எனத் தெரியவருகிறது. தொடர்ச்சியிலே அவர் பெரியதொரு கொடுங்கோலனைத் தேடவில்லை. ஆட்சியை எதிர்த்த நிலாவையே பெயரளவில் அரசியாக அமர்த்தி, விடுதலைக்குப் பின் வரும் ஏமாற்றத்தை வினாவாக்கினார். எந்திர நாயாகிய ஜீனோவை நூற்பெயருக்கே உயர்த்தினார். வார இதழிற் கிழமைதோறும் வெளிவந்த தொடர்கதை அது. அதனைப் படித்தோரும் வெகுமக்களே.

‘2.0’ படத்தின் இறுதியில், நலம் பெற்ற வசீகரன் அமைச்சரிடம் பட்சிராசன் கருத்திற் பிழையில்லை என்று ஒப்புகிறான். பிற உயிர்களுக்குத் தீங்கின்றித் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துதல் வேண்டும் என்கிறான். இவ்வொப்புதல் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. கேட்பதற்கு உரியவர் அப்போது அழிக்கப்பட்டுவிட்டார். அதே சொற்களை வசீகரன் ஒரு மணி நேரத்திற்கு முன்னர், ஆவி தன் எதிரே நின்றபோது, அதன் முகத்தை நோக்கிக் கூறியிருப்பானாயின், புறாக்களை அழைக்க வேண்டிய தேவை எழுந்திராது. புறா வளர்ப்பவர் மகனாகிய அம்மாணவர் தம் முதுகலை ஆய்வேட்டுக்கு ஆய் எயினன் பாடல்களை எடுத்துக்கொண்டுள்ளார்.